குற்றமும் குலமும்: குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றி ஒரு சமூகவியல் நோக்கு

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலன் வெட்டுண்பதற்குச் சற்று முன்னர், ஒரு வாதம் நிகழ்கிறது. கோவலனை நேரிற் கண்ட காவலர் அவனுடைய தோற்றத்தை நோக்கி, இவன் கொலைக்குரிய கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகையாடுகிறான். கள்வர்தம் நூலைக் கரைத்துக் குடித்தவனைப்போல, அவர்களுக்குத் துணையாவன எட்டு என்று எண்ணிக் காட்டுகிறான். பழைய திருட்டுக் கதையொன்றையும் எடுத்துரைக்கிறான். முடிவில் கல்லாத காவலன் ஒருவன் வாளை எறிகிறான்.

இந்தக் காட்சியில் உற்றுநோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தோற்றத்தை நம்பிய காவலரும் சரி, களவுநூல் பேசிய பொற்கொல்லனும் சரி, கள்வன் எத்தன்மையனாக இருப்பான் என்பதையே பேசினர். இந்தச் சிலம்பை இவன் திருடினானா என்ற கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை. கள்வரைப் பற்றிய பொது அறிவு, ஒரு மனிதனைப் பற்றிய தனி விசாரணையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அரசன் அந்த அறிவை நம்பினான். ஓர் உயிர் போயிற்று.

பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் இதே இடமாற்றம், காப்பியத்தில் அன்றி அரசிதழில் நிகழ்ந்தது. ஒரு மனிதனுக்குப் பதிலாக ஒரு குலமே, ஒரு குலத்துக்குப் பதிலாகப் பல குலங்களே கள்வரென எழுதப்பட்டன. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று தமிழ் மக்கள் வழங்கும் சட்டத்தின் வரலாறு அதுவே. குற்றம் ஏன் நிகழ்கிறது என்பதற்குச் சமூகவியல் புதிய விடைகளைத் தேடிய காலமும் ஏறத்தாழ அதுவே. இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, குற்றத்துக்குக் கூறப்படும் விளக்கம் வெறும் கருத்தாக நின்றுவிடுவதில்லை என்பதும், அது எவரைப் பதிவேட்டில் ஏற்றுவது, எவரை விடுவது என்பதையே தீர்மானித்துவிடுகிறது என்பதும் தெளிவாகும்.

பிறப்பென்னும் விளக்கம்

இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்பிரோசோ 1876 ஆம் ஆண்டு குற்றவாளி மனிதனைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தாடை, நெற்றி, காது, மண்டையோடு ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டே பிறவிக் குற்றவாளியை இனங்காண முடியும் என்பது அவர் கொள்கை. மனித இனம் கடந்துவந்த பழைய படிநிலை ஒன்று குற்றவாளியின் உடலில் மீண்டும் தலைகாட்டுவதாக அவர் கருதினார். ஐரோப்பா எங்கும் இந்நூல் பேசப்பட்டது. ஆங்கில மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 சிறைக்கைதிகளின் உடலளவுகளை ஆராய்ந்து, தனித்த குற்றவாளி உடலமைப்பு என ஒன்று இல்லை என்று 1913 ஆம் ஆண்டு நிறுவினார். அறிவுலகில் லொம்பிரோசோவின் செல்வாக்கு சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாயிற்று.

ஆனால் ஆங்கிலேயரின் இந்திய ஆட்சி லொம்பிரோசோவுக்காகக் காத்திருக்கவில்லை. அவருடைய நூல் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1871 ஆம் ஆண்டின் 27 ஆம் சட்டமாகக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்துவிட்டது. அதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. தக்கர் எனப்பட்ட வழிப்பறிக் கொலைஞரை ஒடுக்க 1836 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், குறிப்பிட்ட கொலை ஒன்றில் பங்கு இருந்ததென மெய்ப்பிக்காமலே, தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதற்காக ஒருவனை ஆயுள் முழுதும் சிறையிட வழிசெய்தது. செயலுக்குத் தண்டனை என்ற நீதி முறையில் விழுந்த முதற் கீறல் அது.

1871 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னிருந்த வாதம் எளியது. இந்தியாவில் தொழில் குலவழி வருவது. தச்சன் மகன் தச்சனாவதும் நெசவாளி மகன் நெசவாளியாவதும் போலக் களவையே குலத்தொழிலாகக் கொண்டோரும் இருக்கவேண்டும். அவர்தம் மக்கள் களவன்றி வேறொன்று அறியார் என்பதே அது. லொம்பிரோசோ மண்டையோட்டில் தேடியதை, ஆட்சியாளர் சாதியில் கண்டுகொண்டனர். முன்னது உடலைப் பற்றிய பிழை. பின்னது சமூகத்தைப் பற்றிய பிழை. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே: ஒருவன் பிறந்தபோதே அவனுடைய குற்றமும் பிறந்துவிட்டது என்ற முடிவு.

சென்னை மாகாணத்தில் இம்முடிவுக்குத் துணைநின்ற நூல்கள் பல. முல்லாலி என்ற காவல்துறை அதிகாரி இம்மாகாணத்தின் குற்ற வகுப்பினரைப் பற்றிய குறிப்புகளை 1892 இல் வெளியிட்டார். பாப்பாராவ் நாயுடு என்ற காவல்துறை அதிகாரி, கொறவர், எருகுலர் வரலாற்றை 1905 இல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், பல சாதியினரின் மூக்கையும் தலையையும் அளந்து பதிவு செய்தவர். காவல்துறையினருக்கும் உடலளவு முறையைப் பயிற்றியவர். அவருடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909 இல் வெளிவந்தன. காவலரின் அனுபவக் குறிப்பு இனவியல் நூலில் ஏறியது. இனவியல் நூல் மீண்டும் காவலரின் கைக்குச் சான்றாகத் திரும்பியது. இவ்வாறு ஒன்றையொன்று சான்று காட்டி நின்ற எழுத்துகளில், குற்றம் சாட்டப்பட்டோரின் குரல் எங்கும் இடம்பெறவில்லை.

சமூகத்தில் வேர் தேடியோர்

குற்றத்தின் வேரை மனிதனுக்கு உள்ளே தேடாமல் அவன் வாழும் சமூகத்தில் தேடும் முயற்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. பெல்ஜிய நாட்டு வானியல் அறிஞர் அடால்ஃப் கெத்தலே, பிரெஞ்சு நீதிமன்றப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, ஆண்டுதோறும் குற்றங்களின் எண்ணிக்கை வியக்கத்தக்க அளவில் ஒரே சீராக வருவதைக் கண்டார். குற்றம் முழுக்கத் தனி மனிதரின் மனப்போக்கைப் பொறுத்ததாயின் அது இவ்வளவு ஒழுங்காக நிகழ இயலாது என்பது அவருடைய தருக்கம். ஜெர்மானியப் புள்ளியியலாளர் கியோர்க் ஃபொன் மயர் 1867 இல், பவேரியாவில் தானிய விலை ஏறும்போது திருட்டும் ஏறுவதைக் காட்டினார். வறுமையைக் களையாத அரசனின் நாட்டில் களவு பிறந்ததென்று திக நிகாயத்தின் சக்கவத்தி சீஹநாத சுத்தம் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் கூறியதை, இப்புள்ளிவிவரங்கள் வேறொரு மொழியில் கூறின எனலாம்.

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1895 இல் வெளிவந்த சமூகவியல் முறையியல் நூலில், குற்றம் இல்லாத சமூகமே இல்லை. ஆதலின் குற்றத்தைச் சமூகத்தின் இயல்பான கூறாகவே கொள்ளவேண்டும் என்று எழுதினார். துறவியர் மட்டுமே வாழும் மடத்திலும் சிறு பிழைகள் பெருங்குற்றங்களாகக் கருதப்படும் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. ஒரு செயலை ஊர்கூடிக் கண்டிக்கும்போது அந்த ஊர் தன் ஒற்றுமையையும் புதுப்பித்துக்கொள்கிறது என்றும் அவர் விளக்கினார். பழைய நெறிகள் தளர்ந்து புதியன வேரூன்றாத காலத்தில் மனிதரின் விருப்பங்களுக்குக் கரையில்லாமற் போகிறது. அந்த நெறியின்மை நிலையையும் அவர் ஆராய்ந்தார்.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1938 இல் இதனை வேறுவகையில் வளர்த்தார். செல்வம் சேர்ப்பதே வாழ்வின் பயன் என்று ஒரு சமூகம் எல்லோர்க்கும் போதிக்கிறது. ஆனால் அதனை அடையும் நேர்வழிகளைச் சிலர்க்கே திறந்துவிடுகிறது. இலக்குக்கும் வழிக்கும் இடையிலான இந்த இடைவெளியிலிருந்தே பிறழ்நடத்தை பிறக்கிறது என்பது அவர் கூற்று. சிகாகோ நகரில் கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே ஆகிய இருவரும் செய்த ஆய்வு 1942 இல் நூலாயிற்று. நகரின் சில பகுதிகளில் இளையோர் குற்றம் எப்போதும் மிகுந்திருந்தது. அப்பகுதிகளில் குடியிருந்த இனத்தவர் மாறினர். ஒரு நாட்டவர் வெளியேற, வேறொரு நாட்டவர் வந்தனர். குற்ற அளவோ மாறவில்லை. வெளியேறியவர் நல்ல பகுதிகளுக்குச் சென்றபின் அவர்களிடையே குற்றம் குறைந்தது. குற்றம் குருதியில் ஓடுவதன்று, இடத்தில் தங்குவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

காவல் இழந்தோர்

இவ்விளக்கங்களைக் கைவிளக்காகக் கொண்டு மதுரைச் சீமையின் வரலாற்றை நோக்கலாம். மதுரைக்கு மேற்கே, எட்டு நாடும் இருபத்து நான்கு உபகிராமமும் எனத் தம்மை வகுத்துக்கொண்டு வாழ்ந்தவர் பிரமலைக் கள்ளர். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1957 இல் வெளியிட்ட பெருநூலுக்குப் பொருளானவரும் இவரே. ஊர்க்காவல் இவர்களுடைய உரிமைகளுள் ஒன்று. ஊரின் கால்நடையையும் களத்து நெல்லையும் காப்பது அவர் கடமை. அதற்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கு காவற்கூலி. களவு போனால் காவற்காரர் பொருளை மீட்டுத்தரவேண்டும், அல்லது ஈடுசெய்யவேண்டும். களவுபோன மாட்டை மீட்கத் துப்புச் சொல்வோர்க்குத் துப்புக்கூலி தரும் வழக்கமும் இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1816 இல் காவல் முறையை மாற்றியமைத்தபோது, பழைய ஊர்க்காவல் சட்டத்தின் ஏற்பை இழந்தது. ஆனால் ஊர்களில் அது மறைந்துவிடவில்லை. அரசின் காவல் நிலையம் தொலைவிலும் காவற்காரர் அண்மையிலும் இருந்தமையால் காவற்கூலி தொடர்ந்து வழங்கப்பட்டது. நேற்றுவரை உரிமையாக இருந்த ஒன்று இன்று மிரட்டிப் பறிப்பதாகக் கணக்கிடப்பட்டது. செயல் மாறவில்லை, செயலுக்குப் பெயரிடும் அதிகாரம் கைமாறியது.

எனினும் காவல் முறையைப் பொற்காலமாக வரைவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. கூலி தர மறுத்த ஊரில் மாடு காணாமற்போவதும், துப்புக்கூலி பெற்றபின் அது திரும்பி வருவதும் உண்மையே. அதன் சுமையைத் தாங்கியோர் பெரும்பாலும் உழுகுடிகள். 1896 இல் திண்டுக்கல் பகுதியில் தொடங்கி மதுரைப் பக்கமும் பரவிய கிளர்ச்சியில், உழவர்கள் பண்டு எனப்பட்ட பொதுநிதி திரட்டி, காவற்கூலி தருவதை நிறுத்தி, கள்ளர் காவலரை ஊர்களிலிருந்து வெளியேற்றினர். வீடுகள் எரிந்தன. பொதுக் கண்டனத்தில் ஒரு சமூகம் தன் ஒற்றுமையைப் புதுப்பித்துக்கொள்கிறது என்று துர்க்கைம் கூறியதை, அவர் நூல் வெளிவந்த மறு ஆண்டில் மதுரைச் சீமை மெய்ப்பித்தது.

அதே காலத்தில் நிகழ்ந்த இன்னொரு மாற்றமும் கருதத்தக்கது. 1895 இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மதுரை, மேலூர்ப் பகுதிகளின் வயல்களில் நீர் பாய்ந்தது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மேட்டு நிலங்களில் பெரும்பகுதி மானாவாரியாகவே நின்றது. அண்டை ஊரில் நெல் விளைய, தம் ஊரில் சோளமும் பொய்க்க, காவலும் கைவிட்டுப்போன நிலையில் ஒரு மக்கள் கூட்டம் நின்றது. இலக்கு கண்ணெதிரே, வழி அடைபட்ட நிலை என்று மெர்ட்டன் பிற்காலத்தில் விளக்கியது இதுவே. ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1978 இல் எழுதிய கட்டுரையும், ஆனந்த் பாண்டியன் 2009 இல் வெளியிட்ட நூலும் கள்ளரின் வரலாற்றை இவ்வாறு சூழலில் வைத்து ஆராய்ந்தவற்றுள் குறிப்பிடத்தக்கன.

உப்பும் புகைவண்டியும்

கொறவர் கதை வேறு. அதன் முடிவு ஒன்றே. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வணிகம் செய்தோர் அவருள் ஒரு பிரிவினர். சங்கப் பாடல்களில் வரும் உமணரை நினைவூட்டும் வாழ்க்கை அது. ஓரிடத்தில் தங்காமை அவர்தம் தொழிலின் இலக்கணம். ஊர் ஊராகச் செல்லாமல் உப்பு விற்க இயலாது.

சென்னை மாகாணத்தில் உப்பு 1805 இல் அரசின் தனியுரிமையாயிற்று. 1856 இல் இராயபுரத்திலிருந்து முதற் புகைவண்டி புறப்பட்டது. இருப்புப்பாதை நீள நீள, பொதிமாட்டு வணிகம் சுருங்கிற்று. 1876 முதல் 1878 வரையான பெரும்பஞ்சம் கால்நடைகளை அழித்தது. 1882 ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம், மேய்ச்சலுக்கும் மூங்கில், ஈச்சமட்டை சேகரிப்பதற்கும் இருந்த வழிகளைக் குறுக்கியது. மீனா ராதாகிருஷ்ணா 2001 இல் வெளியிட்ட ஆய்வு நூல், இம்மாற்றங்களின் தொடர்பைச் சான்றுகளுடன் எடுத்துக்காட்டுகிறது. வணிகம் இருந்தவரை ஊர்ச்சுற்றுதல் உழைப்பாகக் கருதப்பட்டது. வணிகம் போனபின், அதே ஊர்ச்சுற்றுதல் ஐயத்துக்குரிய ஒழுக்கமாயிற்று. நிலையான வீடும் நிலவரியும் இல்லாதவரை ஆட்சி அஞ்சியது. அந்த அச்சத்தின் பெயரே குற்றப் பரம்பரை.

இங்கு ஒன்று தெளிவாகிறது. களவு நிகழ்ந்ததா என்பது ஒரு கேள்வி. களவுக்கு வழிவகுத்தது எது என்பது வேறொரு கேள்வி. உப்புக் கொள்கையையும் வனச்சட்டத்தையும் இருப்புப்பாதையையும் வகுத்த அரசுக்கு இரண்டாவது கேள்வி இனிப்பானதன்று. பிறப்பு என்ற விடை, அக்கேள்வியிலிருந்து தப்பிக்க அதற்குக் கிடைத்த வசதியான வாயில்.

ரேகைச் சட்டம்

முதற் சட்டம் வடஇந்தியப் பகுதிகளுக்கே இயற்றப்பட்டது. 1911 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே சென்னை மாகாணத்துக்கும் அதனைக் கொண்டுவந்தது. 1924 இல் அது மீண்டும் தொகுக்கப்பட்டது. ஒரு குலத்தைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க இயலாது. அறிவிக்கப்பட்டோர் பெயரைப் பதிந்து விரல்ரேகை வைக்கவேண்டும். மக்கள் நாவில் இதற்கு ரேகைச் சட்டம் என்ற பெயர் நிலைத்தமை இதனாலேயே. குறித்த நேரங்களில் காவலர் முன் நேர்நிற்பதும், ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச்சீட்டுப் பெறுவதும், இரவில் ஊர்ச்சாவடியில் போய்ப் படுப்பதும் அன்றாட வாழ்க்கையாயின. திருமணமோ இழவோ, சீட்டில்லாமல் அயலூர் சென்றவன் அச்செலவினாலேயே குற்றவாளியானான். ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி நிலையங்களில் வைக்கவும் சட்டம் இடந்தந்தது.

பிரமலைக் கள்ளர்மீது இச்சட்டம் 1914 முதலான ஆண்டுகளில் படிப்படியாக விரிந்தது. சேடபட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் கட்டாயப் பதிவுக்கு வந்த காவற்படை அவர்கள்மீது சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாங்கள் திருடவில்லை என்று கூறியோர் அல்லர் அவர். நாங்கள் திருடர் என்று கையொப்பம் இடமாட்டோம் என்று நின்றோர். தனி மனிதனின் செயலுக்கும் குலத்தின் பெயருக்கும் இடையிலான வேறுபாட்டை, எழுத்தறியாத அந்தச் சிற்றூர் துப்பாக்கிக்கு எதிரே நின்று உணர்த்தியது. மதுரையில் வழக்கறிஞராக விளங்கிய ஜார்ஜ் ஜோசப், இச்சட்டத்தை எதிர்த்துக் கள்ளருக்காக வாதாடினார். ரோசாப்பூ துரை என்று அம்மக்கள் அவரை அன்போடு அழைத்தனர்.

சீர்திருத்தம் என்ற பெயரிலும் பல நடந்தன. இரட்சணிய சேனையின் ஃபிரெடரிக் பூத் டக்கர், குற்றத்தைக் குணப்படுத்தும் கலை என்ற பொருளில் ஒரு புதுச்சொல்லையே ஆங்கிலத்தில் ஆக்கினார். குண்டூர்ப் பகுதியில் ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பு 1910 களில் எழுந்தது. எருகுலர் அங்கே வைக்கப்பட்டுப் புகையிலை ஆலை முதலிய இடங்களில் வேலைக்கு அனுப்பப்பட்டனர். தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர்க் குடியிருப்பு அமைந்தது. விலகிச் செல்ல உரிமையற்றவரின் உழைப்பு மலிவானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மதுரைப் பகுதியில் கள்ளர் சீரமைப்புத் துறை பள்ளிகளையும் மாணவர் விடுதிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் நிறுவியது. அப்பள்ளிகளில் பயின்று உயர்ந்தோர் பலர் என்பதையும் மறைத்தற்கில்லை. பள்ளியும் நிலமும் கடனுதவியும் கிடைத்த இடங்களில் வாழ்க்கை மாறியது என்றால், குற்றம் குருதியில் இருந்ததன்று என்பதை அரசின் திட்டமே ஒப்புக்கொண்டதாகிறது. ஒரு கையால் பிறவிக் குற்றவாளி என்று எழுதிய அரசே, மறுகையால் அவனுக்குப் பள்ளிக்கூடம் கட்டியது.

முத்திரையின் வேலை

இச்சட்டம் குற்றத்தைக் குறைத்ததா? இக்கேள்விக்கு விடைகாண, இருபதாம் நூற்றாண்டுச் சமூகவியலில் வளர்ந்த முத்திரைக் கோட்பாடு பெரிதும் உதவுகிறது. ஒரு சிறுவனைத் தீயவன் என்று திரும்பத் திரும்பச் சுட்டிக் காட்டுவதே அவனைத் தீயவனாக்கும் வழியாகிவிடுகிறது என்று பிராங்க் டேனன்பாம் 1938 இல் எழுதினார். எட்வின் லெமர்ட் 1951 இல் இருவகைப் பிறழ்வுகளைப் பிரித்துக் காட்டினார். பல காரணங்களால் நேரும் முதற் பிழை ஒன்று. அப்பிழைக்குச் சமூகம் காட்டும் எதிர்ப்பால், தன்னைக் குற்றவாளியாகவே கருதிக்கொண்டு ஒருவன் மேலும் செய்யும் பிழைகள் மற்றொன்று. ஹோவர்டு பெக்கர் 1963 இல், பிறழ்வு என்பது செயலிலேயே உறையும் பண்பன்று, விதிகளை வகுத்துச் சிலர்மீது ஏவும் செயலின் விளைவு என்று விளக்கினார்.

ரேகைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஒருவனின் நாளை எண்ணிப் பார்த்தால் இக்கோட்பாடு உயிர்பெறுகிறது. அறுவடைக் கூலிக்கு அயலூர் செல்லவேண்டும். சீட்டுத் தரும் அதிகாரி ஊரில் இல்லை. சென்றால் சட்டமீறல், செல்லாவிட்டால் பட்டினி. பதிவேட்டில் பெயருள்ளவனுக்கு வேலை தர நிலக்காரர் தயங்குவர். சுற்றுவட்டத்தில் களவு நிகழ்ந்தால் முதலில் இழுத்துச் செல்லப்படுபவன் அவனே. சீட்டின்றிச் சென்றதற்காகப் பெற்ற தண்டனை, அடுத்த வழக்கில் பழங்குற்றமாக எழுதப்படும். மீண்டும் தண்டிக்கப்பட்டால் சிறைக்காலம் கூடும். இவ்வாறு கூடிய தண்டனைகளின் தொகை, அக்குலத்தின் குற்ற இயல்புக்குப் புள்ளிவிவரச் சான்றாக அறிக்கையில் ஏறும். சட்டம் தான் தேடியதைத் தானே விளைவித்து, விளைந்ததைக் காட்டித் தன்னை நியாயப்படுத்திக்கொண்டது.

கண்காணிப்பு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் குற்றம் எண்ணப்படும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்தும் ஒரு சான்று உண்டு. எட்வின் சதர்லாண்டு, 70 பெரிய வணிக நிறுவனங்களுக்கு எதிராக வந்த தீர்ப்புகளை எண்ணி, 1949 இல் நூலாக்கினார். மொத்தம் 980 தீர்ப்புகள். நிறுவனம் ஒன்றுக்குச் சராசரி 14. வழக்கமான குற்றவாளி என்ற சொல்லுக்கு இதனினும் பொருத்தமானவரைக் காண்பது அரிது. ஆயினும் அவ்வியக்குநர்களின் பிள்ளைகளைப் பிரித்துக் குடியிருப்பில் வைக்கவேண்டும் என்று எவரும் கோரவில்லை. வழக்குக்கு அஞ்சிய பதிப்பாளர் நிறுவனங்களின் பெயர்களையே நீக்கச் செய்தார்; பெயர்களுடன் கூடிய முழுப் பதிப்பு 1983 இலேயே வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் குற்றம் செய்யாத குழந்தையின் பெயரும் பதிவேட்டின் நிழலில் வளர்ந்தது. அங்கே தீர்ப்புப் பெற்ற நிறுவனத்தின் பெயர் நூலிலும் இடம்பெறவில்லை.

நீக்கமும் எச்சமும்

முத்துராமலிங்கத் தேவர், பொதுவுடைமை இயக்கத்தினர் முதலிய பலரின் நீண்ட போராட்டத்துக்குப்பின், சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947 இல் நீக்கப்பட்டது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப்பின், 1952 ஆகஸ்டு 31 அன்று நாடு முழுவதும் நீங்கிற்று. ஆனால் சென்னையில் 1948 இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. பிற மாநிலங்களும் அவ்வாறே இயற்றின. குலத்தின் பெயர் சட்டத்தின் எழுத்திலிருந்து மறைந்தது. காவல் நிலையத்தின் நினைவிலிருந்து மறையவில்லை. 1993 இல் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் களவு ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட குறவர் ஒருவர் காவலர் பிடியில் மாண்டார். நீதி கேட்டு அவர் மனைவி நடத்திய போராட்டமே, 2021 இல் வந்த ஜெய்பீம் திரைப்படத்துக்குக் கருவாயிற்று.

அறிவிக்கப்பட்ட குலங்கள் சீர்மரபினர் என்ற புதுப்பெயர் பெற்றன. தமிழ்நாட்டில் 1979 ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று பழங்குடி என்ற சொல்லை மாற்றிச் சமூகம் என்றாக்கியது. சலுகைகள் இழப்பதைச் சுட்டி அச்சமூகத்தினர் நெடுங்காலம் வாதாடியபின், 2019 இல் 68 சமூகங்களுக்கு மத்திய அரசின் திட்டங்களுக்காகப் பழைய பெயரிலும் சான்றிதழ் வழங்க அரசு இசைந்தது. இழிவுக்காகச் சூட்டப்பட்ட பெயரின் நிழலிலேயே இழப்பீட்டையும் தேடவேண்டியிருப்பது முத்திரை விட்டுச்சென்ற மற்றொரு முரண்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறை விதிகளில் சாதி அடிப்படையிலான பாகுபாடுகளை நீக்கித் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில், குற்றப் பரம்பரை என முன்னர் அறிவிக்கப்பட்ட குலத்தில் பிறந்தவரை வழக்கமான குற்றவாளியாகக் கருதும் விதிகள் அதுவரை இருந்தன. சிறைப் பதிவேடுகளில் சாதிக்குரிய பத்தியையே அகற்றுமாறு நீதிமன்றம் பணித்தது. சட்டம் நீங்கி எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் சொற்கள் கையேடுகளில் உறங்கிக் கிடந்தன என்பதே இத்தீர்ப்பு உணர்த்தும் செய்தி.

சமூகவியல் விளக்கம் குற்றவாளியை விடுவிக்கும் சாக்கன்று. மாட்டை இழந்த உழவனின் துயரம் கோட்பாட்டால் ஆறாது. ஒரே மேட்டு நிலத்தில் ஒரே பஞ்சத்தில் வாழ்ந்தோருள் பெரும்பாலோர் களவு செய்யவில்லை என்பதும் உண்மை. தனி மனிதனின் பொறுப்பை நீதிமன்றம் ஆராயத்தான் வேண்டும். அவ்வாறு ஆராயப்படும் உரிமையையே குற்றப் பரம்பரைச் சட்டம் பறித்தது. சமூகவியல் செய்யும் உதவி இரண்டு: குற்றம் விளையும் நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பை அரசுக்கும் சமூகத்துக்கும் அது நினைவூட்டுகிறது, முத்திரை குத்தும் கையையும் ஆராய்ச்சிக்கு உட்படுத்துகிறது. ஒரு களவுச் செய்தி வந்தவுடன் எந்த ஊரார், எந்தக் குலத்தார் என்று முதலில் வினவும் வழக்கம் உள்ளவரை, அரசிதழில் நீங்கிய சட்டம் மக்கள் மனத்தில் நீங்கியதாகாது.